நியூட்டன் கேட்ட சுரங்கத் தண்ணீர்

ஐசக் நியூட்டன் இங்கிலாந்தை விட்டு ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. அதனாலென்ன? 1669இல் ஐரோப்பா கிளம்பிய நண்பர் பிரான்சிஸ் ஆஸ்டனுக்கு நீளமாக டிராவல் அட்வைஸ் எழுதினார். வெளிநாட்டில் யாராவது அவமானப்படுத்தினால் பழிவாங்கக் கிளம்பாதே, சிரித்து மழுப்பிவிட்டு வா என்பதுவரை! வயது 26.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். ஹங்கேரியில் ஷெம்னிட்ஸ் என்ற ஊர்ச் சுரங்கத் தண்ணீரில் இரும்பைக் கரைத்துச் செம்பாக்குகிறார்களாமே, நிஜமா என்று விசாரித்து வா. ஆமாம் சார், ரசவாதம்! நம் பாடப்புத்தகம் இவரை ஆப்பிள் மரத்தடியைவிட்டு எழுந்திருக்கவே விடவில்லை.

ஆனால் வதந்தியில் பாதி நிஜம். அங்கே பக்கத்திலேயே ஹெரன்குருண்ட் சுரங்கம். அந்தத் தண்ணீர் தந்த செம்பில் கிண்ணங்கள் செய்து, ‘நேற்று நான் இரும்பாக்கும்’ என்ற தோரணையில் வாசகம் பொறித்து விற்றார்கள். செம்பு போதாதென்று மேலே தங்கமுலாம் வேறு!

பாராசெல்சஸ் என்ற மகா வைத்தியர் நியூட்டனின் கடிதத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, உலோகம் உருமாறுவதற்கு இதுதான் சாட்சி என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதற்கும் முந்தி, சோங் வம்சத்துச் சீனர்கள் தத்துவம் பேசாமல் இதே வித்தையில் டன் கணக்கில் செம்பு எடுத்துக் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்ன? பாறையில் கந்தகத்தோடு ஒட்டிக்கிடக்கும் செம்பு, காற்றும் நீரும் பட்டு அமிலத்தில் கரைந்து மயில்துத்தக் கரைசலாக வழிகிறது. அதில் இரும்பைப் போட்டால் இரும்பு கரைய, செம்பு படிகிறது. பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்கார்வதைப் பார்த்துவிட்டு, ஆளே மாறிவிட்டான் என்று கூவியிருக்கிறார்கள், அவ்வளவு பெரிய மேதைகள்!

1696இல் நியூட்டனுக்கு அரசு நாணயச்சாலையில் வேலை கிடைத்தது. ரகசியமாகத் தங்கம் தேடியவர், கள்ள நாணயம் அடித்தவர்களைத் தேடிப் பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்பினார்.

அந்தச் சுரங்கத் தண்ணீர்க் கதையில் நிஜமான ரசவாதி ஒருவர் உண்டு. ஆசிடிதியோபேசிலஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ். (மெதுவாகச் சொல்லுங்கள், நாக்கு சுளுக்கும்.) இரும்பையும் கந்தகத்தையும் தின்றே பிழைக்கும் பாக்டீரியா. மணிக்கணக்கில் அடுப்பு ஊதாமல், ஒரு கடிதம்கூடப் போடாமல், தாது கரைவதை விறுவிறுவென்று வேகப்படுத்துகிறது. மனிதர்கள் அதை இனம்பிரித்துப் பார்த்ததே 1947இல், அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலத் தண்ணீரில்.

1958இல் கென்னகாட் கம்பெனி அதன் உழைப்புக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டது. சிலியின் எஸ்கொண்டிடா சுரங்கத்தில் பாக்டீரியாக்கள் குவியல் குவியலாகக் கொட்டிய தாதுவைக் கரைத்துக் கொடுத்திருக்கின்றன. ராயல்டி கேட்டு இதுவரை ஒன்றும் வழக்குப் போடவில்லை.