வா அப்புனு, டர்போ மாட்டலாம்

உக்காரு அப்புனு. பழைய சாமான் கடையில டர்போ ஒண்ணு பிடிச்சுட்டயாமா? பலே. உங்கொப்பன் ஓட்டித் தேய்ச்ச மாருதி 800 இனி றெக்கை கட்டிப் பறக்கும்னு ஊரே பேசுது. பானெட்டுல தீச்சுவாலை ஸ்டிக்கர் வேற ஒட்டியாச்சாமா. அதுதான் முறை. எஞ்சினை எப்ப வேணாலும் பாத்துக்கலாம், ஸ்டிக்கர் கிடைக்கறதுதான் கஷ்டம்.

ஆகாத காரியம்னு நான் சொல்லமாட்டேன். உன்ற 796 சிசி எஞ்சினோட பங்காளிக்கு ஜப்பான்ல சுசூகிக்காரனே டர்போ மாட்டி வித்திருக்கறான். 1987-ல ஆல்டோ வொர்க்ஸ்னு வந்துச்சு. வெறும் 543 சிசி, 64 குதிரை. உன்ற கார்ப்பரேட்டர் வண்டிக்கு நாப்பதே தொட மாட்டேங்குது. ஆனா அவன் ஹெட்டுல ரெட்டைக் கேம் வெச்சான், பெட்ரோலை இன்ஜெக்‌ஷன்ல குடுத்தான், காத்து அழுத்தத்துக்குத் தோதா உள்ளுக்குள்ள எல்லாத்தையும் அமைச்சான். பாவம், ஸ்டிக்கர் சூட்சுமம் தெரியாதவன்.

டர்போ காத்தைத் திணிக்கும், அம்புட்டுத்தான். ஏழு பவுண்டு திணிச்சா, சும்மா உறிஞ்சறதைப் போல ஒண்ணரைப் பங்கு காத்து உள்ள போகும். சூட்டுல கொஞ்சம் வீணாப் போனாலும் அம்பது குதிரையத் தொட்டுடலாம். கணக்கு இனிக்குதல்லோ? அந்த அம்பதும் உங்கொப்பன் காலத்து ரிங்கு மேலதான் ஏறி உக்காரும்.

அதனால மொதல்ல கம்ப்ரஷன் பாரு. எஞ்சினைச் சூடு பண்ணி, மூணு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிச்சுட்டு ஸ்டார்ட்டரைச் சுத்து. ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் வெச்சு எழுதிக்கோ. மூணும் ஒத்து இருந்தா உனக்கு யோகம். ஒண்ணு மட்டும் பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கி நின்னா, அந்தத் தொளையில ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊத்தித் திரும்பச் சுத்து. முள்ளு ஏறுச்சுன்னா ரிங்கும் போரும் தேஞ்சிருக்குது. ஏறலீனா வால்வு, அல்லாட்டி ஹெட் கேஸ்கெட். கரண்டியை உங்காத்தா பாக்காம திருப்பி வெச்சிரு.

எஞ்சினைப் பிரிச்சுட்டா ரிங்கோட வாய்ல இருக்கற இடைவெளியப் பாக்காம விட்றாத. ரிங்கைப் போருக்குள்ள விட்டு, பிஸ்டனைக் கவுத்து நேராத் தள்ளி, பில்லர் கேஜை நுழைச்சுப் பாரு. இந்தப் போருக்குச் சாதாரணமா கால் மில்லி பக்கம் இருக்கும். டர்போச் சூட்டுல ரிங்கு இன்னும் நீளும், வாய் ரெண்டும் முட்டிக்கிட்டா பிஸ்டனோட வரப்பை ஒடைச்சுட்டுப் போயிரும். 0.4 மில்லிக்கு அரத்தை வெச்சுப் பொறுமையா தேய்க்கோணும். உன்ற வயசுல பொறுமைங்கறது செல்போன் சார்ஜ் ஏறற வரைக்கும்தான்னு எனக்குத் தெரியும்.

கார்ப்பரேட்டரை வெச்சுக்கிட்டே காத்தை ஊதப்போறேன்னயா? ஜோர். தொண்டையில அழுத்தம் ஏறும், பெட்ரோல் நிக்கற கிண்ணத்துல ஏறாது. ஊதற வாய்லயே தண்ணி குடிக்கச் சொன்ன மாதிரி பெட்ரோல் வராம முழிக்கும். கிண்ணத்துக்கும் அதே அழுத்தத்தைக் குடுக்கோணும், பம்பு அதையும் மீறித் தள்ளோணும். பழைய மெக்கானிக்கல் பம்பு அதுக்குக் காணாது. பெட்ரோல் பத்தாம ஓடுனா 'டக் டக்'னு நாக்கிங் அடிக்கும். சங்கீதம்னு ரசிச்சுட்டு இருந்தயின்னா பிஸ்டன்ல ஓட்டை விழும். டைமிங்கையும் பூஸ்ட்ல பின்னுக்கு இழுக்கோணும், பங்க்ல கிடைக்கற சாதாப் பெட்ரோலுக்கு அம்புட்டுத்தான் தாங்கற சக்தி.

டர்போத் தண்டு நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும், அதுவும் ஆயில் படலத்து மேல மெதந்துட்டே. ஆயில் உள்ள போறது சின்னக் குழாய், திரும்பி வர்றது பெரிய குழாய், அது சரிவா இறங்கி சம்ப்புல ஆயில் மட்டத்துக்கு மேல சேரோணும். மேடு பள்ளமா மாட்டுனா ஆயில் தேங்கி சைலன்சர்ல பொகை கக்கும். கொசு அண்டாது, அது ஒரு லாபம்.

ரேடியேட்டர்ல உங்கொப்பன் ஊத்துனது நம்ம போர்த் தண்ணி. உள்ள உப்புப் படிஞ்சு கெடக்கும், அதை மாத்திரு. கிளட்சும் பிரேக்கும் என்ன கெதியில இருக்குதுன்னு நீயே பாத்துக்கோ. பன்னெண்டு இஞ்ச் வீலை நம்பித்தான் நிக்கப்போற.

அப்பறம் மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. கம்பெனி குடுத்ததுக்கு மாறா வண்டிய மாத்தப்படாதுங்குது. ஆர்டிஓகிட்ட கேக்காமப் போனா இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சிருவான். ரோட்டுக்கு வேண்டாம்னா கரிமோட்டார் ஸ்பீட்வே நம்ம செட்டிபாளையத்துலதான் இருக்குது, அங்க கேட்டுப்பாரு.

கேஜ் என்கிட்ட இருக்குது, நாளைக்குப் பொழுதோட வா. பேட்டரியை ராத்திரியே சார்ஜ் போட்டுரு. ஸ்டார்ட்டர் சோம்பலாச் சுத்துனா, நல்ல எஞ்சினுக்கும் முள்ளு ஏறாது.