திருடனுக்கு விசா தேவையில்லை

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் யாரோ பணம் எடுத்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: முதல் வேலை கார்டை முடக்குவது, புலம்பலெல்லாம் அப்புறம். வங்கியின் செயலியிலேயே முடக்கிவிடலாம். தொலைபேசி என்றால்தான் சிக்கல். உதவி எண் கார்டின் முதுகில் அச்சாகியிருக்கும். பர்ஸ் பறிபோனால் அதுவும் திருடனோடு போய்விடும். 1800 என்று தொடங்கும் இலவச எண்களுக்கு அயல்நாட்டிலிருந்து பெரும்பாலும் இணைப்புக் கிடைக்காது. +91 சேர்த்து அழைக்கும் எண்ணைத் தனியே எழுதி வைத்திருப்பவர் பிழைத்தார்.

அடுத்தது புகார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 நாட்கள் என்றால் ஓரளவு அவர் தலையில். ரகசிய எண்ணை அவரே யாருக்காவது சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் கணக்கு.

தகவல் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். ரோமிங் செலவுக்கு அஞ்சி சிம்மை அணைத்து வைத்த சிக்கனக்காரருக்கு அது சென்னை விமான நிலையத்தில்தான் வந்து சேரும்! மின்னஞ்சல் அறிவிப்பையும் கேட்டு வைக்கலாம். கார்டே திருடுபோயிருந்தால், உள்ளூர் போலீஸில் கொடுத்த புகாரின் நகல் பயணக் காப்பீட்டுக்கு உதவும்.