லுணுகலைத் தோட்டப் பாதையும் சொகுசு ஜீப்பும்: ஒரு முன்னாய்வு

கரடுமுரடான பாதைக்கென்றே பிறந்த சொகுசு ஜீப், கரடுமுரடான பாதையில் மட்டும் கண்ணில் படாதது ஏன்? இதுவே இவ்வாய்வின் வினா. ஆய்வுக் களம், பசறைக்கும் பிபிலைக்கும் நடுவே கிடக்கும் லுணுகலை. ஏ5 வீதியை விட்டு ஹொப்டன் பக்கமோ அடாவத்தைப் பக்கமோ தோட்டத்துக்குள் திரும்பினால், தொரைமார் காலத்துக் கல்லடுக்கு ரோட்டு தொடங்கும். கல் பெயர்ந்துபோய்க் குழி மட்டும் மிஞ்சிய பகுதிகளும் இதில் அடக்கம்.

வரலாறு சொல்லாத ஆய்வைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கமாட்டார்கள் என்பதால், முதலில் அது. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அரங்கேறியது. 1.6 லீற்றர் எஞ்சின், சுமார் 50 குதிரை வலு. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு என்பதால் அலுமினியக் கலவையில் உடம்பு. விவசாயிக்கென்று செய்த வண்டி, நம் மலைகளில் தொரைமாரைச் சுமந்தது. அதே 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. வண்டிக்கு இலக்கத்தகடு கிடைத்த காலத்தில், கொழுந்து பறித்தவர்களுக்குப் பிரஜாவுரிமை பறிபோனது. அடிக்குறிப்பில் போடவேண்டிய செய்திதான். அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

அந்த வண்டியின் இன்றைய வாரிசான சொகுசு ஜீப், 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டர். 900 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரில் இறங்கும். காற்று சஸ்பென்ஷன் இருந்தால் அடிவயிற்றை 291 மில்லிமீற்றர் வரை தூக்கிக்கொள்ளும். பாதைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளப் புல், சரளை, பனி, சேறு, மணல், பாறை என்று தெரிவுகள் வைத்திருக்கிறார்கள். லுணுகலையில் பனிப்பொழிவையும் பாலைவன மணலையும் நீக்கிவிட்டால், மற்ற எல்லாம் ஒரே கட்டை தூரத்துக்குள் வந்துவிடும். சாரதி எதைத் தெரிவுசெய்வது என்று முடிவெடுப்பதற்குள் பாதை மாறிவிடும். 400 குதிரை வலு மொடல் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை 6.1 வினாடியில் எட்டும். இலங்கையில் அந்த 100 அதிவேக நெடுஞ்சாலையில்தான் சட்டப்படி செல்லும். லுணுகலை இருக்கும் ஊவா மாகாணத்தில் அப்படியொரு நெடுஞ்சாலை கிடையாது.

ஒப்பீட்டு மாதிரியாக ஆட்டோ எடுத்துக்கொள்ளப்பட்டது. சக்கரம் மூன்று, எஞ்சின் 200 சிசிக்குச் சற்றுக் குறைவு, தெரிவு ஒன்றே ஒன்று: சாரதித் தம்பியின் மனநிலை. நீரில் இறங்கும் ஆழத்தை எந்தக் கையேட்டிலும் தேடவேண்டாம், ஓடைக்கரையில் நின்று பார்த்தாலே தெரியும். சட்டப்படி பயணிகள் மூவர். பாடசாலை விடும் நேரத்து எண்ணிக்கை புள்ளிவிவரவியலுக்கு அடங்காது. கர்ப்பிணியோ அரிசி மூட்டையோ காஸ் சிலிண்டரோ, மேல்கணக்கு லயத்துக்கு ஏற்றிவிடுவது இதுதான். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது முதலில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் ஒதுக்கினார்கள். எந்த ஆய்வின் அடிப்படையில் என்று இவ்வாய்வாளர் கேட்கமாட்டார். சக ஆய்வாளரைப் புண்படுத்தலாகாது.

இனி களக் கண்டுபிடிப்பு. சொகுசு ஜீப் லுணுகலைக்கு வரவே வராது என்பது தவறான கருதுகோள். தேர்தல் நெருங்கினால் வரும், பெரிய வீட்டுச் சாவுக்கும் வரும். 2024 பொதுத்தேர்தல் நவம்பர் 14இல், மழை நாட்களில் விழுந்ததால், சேற்றுத் தெரிவைச் சோதிக்க அருமையான வாய்ப்பு. ஆனால் இவ்வினம் தோட்டச் சந்தியிலேயே, காபட் முடியுமிடத்தில் நின்றுவிடும் இயல்புடையது. உள்ளே இருக்கும் ஐயா இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, ஆட்டோவில் ஏறி லயத்துக்குப் போவார்.

காரணத்தைச் சாரதியிடமே கேட்டாயிற்று.

"ஐயாவோட வண்டிண்ணே. மானாப்புல் உரசிக் கீறல் விழுந்தா என் சம்பளத்துலதான் புடிப்பாங்க."

ஆக, தண்ணீருக்கும் பாறைக்கும் அஞ்சாத வண்டி, மானாப்புல்லுக்கு அஞ்சுகிறது. இறங்கும் ஆழத்தை மில்லிமீற்றரில் சொன்ன பொறியியலாளர்கள், சாரதியின் சம்பளம் தாங்கும் கீறலின் நீளத்தைக் கையேட்டில் சேர்க்காமல் விட்டது பெருங்குறை. ஐயா போய்வந்த ஆட்டோக் கூலியைக் கடைசியில் யார் கொடுத்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. ஆட்டோத் தம்பி தரவு தரத் தயாராக இருக்கிறார்.