எதிர்க்கடைக்காக ஓர் இணையதளம்

எதிர்க்கடைக்காரர் பார்த்துவிடப் போகிறாரே என்ற பயமும், ஒருவேளை பார்க்காமலே இருந்துவிடுவாரோ என்ற அதைவிடப் பெரிய பயமும் சரிபாதியாகக் கலந்த மனோநிலையில்தான் நம் முதலாளி தமது கடைக்கு ஓர் இணையதளம் அமைப்பதென்று சங்கல்பம் செய்துகொள்கிறார். ஜவுளியோ, நகையோ, நாட்டு மருந்தோ, அவர் விற்பது எதுவாயினும் பிரகிருதி ஒன்றுதான். எனக்கு வாய்த்தவர் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரமும் குத்துவிளக்கும் விற்கிறவர். கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்துக் காலட்சேபம் நடத்துகிறவன் என்ற முறையில், கணினி வேலை தெரிந்த பிள்ளையாண்டான் ஒருவனையும் அழைத்துக்கொண்டு அவருடைய கல்லாவுக்கு முன்னால் போய் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

"உலகமெல்லாம் நம்ம விளக்கு போகணும் சார். சிங்கப்பூர், கனடா, லண்டன், எல்லா இடத்திலேருந்தும் ஆர்டர் வந்து கொட்டணும்" என்று அவர் ஆரம்பித்தபோது எனக்கு உண்மையிலேயே உற்சாகம் உண்டாயிற்று. விலையைப் பற்றிப் பேச்சு எழும்வரை அந்த உற்சாகம் நீடித்தது.

"விலையா? அதெல்லாம் போட்டுடாதீங்க. அவன் பார்த்துடுவான்."

எவன் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி, முதலாளியின் பார்வை வாசலைத் தாண்டி, தெருவையும் அதில் நின்ற ஆட்டோவையும் தாண்டி, எதிர்க்கடைப் படிக்கட்டில் போய் நின்றது.

பித்தளை விளக்கை எடை போட்டு விற்பதே மரபு; கிலோ விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் ஒரு விளக்குக்கு நிரந்தரமாக இன்ன விலை என்று எழுதி வைப்பதில் நியாயமான சிரமம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சிரமத்தை உத்தேசித்துத்தான், ஒவ்வொரு விளக்கின் எடையையும் ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டால் போதும், காலையில் கிலோ விலையை மட்டும் மாற்றினால் மற்ற விலைகளெல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும்படி செய்து தருகிறேன் என்று பிள்ளையாண்டான் விநயத்துடன் தெரிவித்தான். முதலாளி அந்த ஏற்பாட்டை மிகவும் சிலாகித்தார். சிலாகித்து முடித்த கையோடு, எடையையும் போட வேண்டாம் என்றார். எடை தெரிந்தால் அவன் விலையைக் கணக்குப் போட்டுவிடுவானாம். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மின்வணிக விதிகள், இணையத்தில் விற்கும் பொருளின் மொத்த விலையை, அதில் எது எதற்கு எவ்வளவு என்ற விவரத்தோடு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி காட்டச் சொல்கின்றனவே என்று நான் பிரஸ்தாபித்தேன்.

"அந்தச் சட்டத்தை எழுதினவருக்கு எதிர்க்கடை கிடையாது சார்" என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அடுத்தபடியாகப் புகைப்படம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்பது பீடம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மெருகேற்றி, திருகு மரையால் ஒன்றோடொன்று பொருத்தப்படுவது. காவிரிப் பாசனப் பகுதியின் வண்டல் மண் வார்ப்புக்கு அனுகூலமாக இருந்ததனால் அந்த ஊரில் வேர்விட்டதாகச் சொல்லப்படும் தொழில். புவிசார் குறியீடும் பெற்றது. கனடாவில் இருக்கிறவர் அதைத் தூக்கிப் பார்க்கவோ தட்டிப் பார்க்கவோ முடியாதாகையால், அன்னத்தின் அலகையும் இறகையும் கிட்டத்தில் காட்டினால்தான் அவருக்கு நம்பிக்கை பிறக்கும். இதை நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எட்ட நின்று எடுக்கும்படி பிள்ளையாண்டானுக்கு உத்தரவிட்டார். கிட்ட எடுத்தால் வேலைப்பாடு அவனுக்குத் தெரிந்துவிடும். எட்ட நின்று எடுத்த படத்தைக் கண்டும் திருப்தி அடையாமல், கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் படத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக எழுதச் செய்தார். இப்போது அன்னம் இருந்த இடத்தில் கடைப் பெயரின் முதலெழுத்தும், பீடம் இருந்த இடத்தில் கடைசி எழுத்தும் இருக்கின்றன. இடையில் தெரிவது விளக்குத் தண்டா, கடைப் பையன் பிடித்திருந்த துடைப்பக் கட்டையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வரைபடத்துக்கு நேர்ந்த கதி இதைவிடப் பரிதாபகரமானது. கைப்பேசியில் தம் கடை இருக்கும் இடத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்த முதலாளி, எதிர்க்கடையும் பெயரோடு பக்கத்திலேயே தோன்றியதைக் கண்டு, தம்முடைய செலவில் அவனுக்கு விளம்பரமா என்று திடுக்கிட்டார். அந்த ஒரு புள்ளியை மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டார். வரைபடம் நம்முடையது அல்லவே, முடியாது என்றான் பிள்ளையாண்டான். அப்படியானால் வரைபடமே வேண்டாம். கடைக்கு வருகிறவருக்கு வழி தெரிய வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "கும்பகோணத்துக்கு வந்தவனுக்கு நம்ம கடை தெரியாதா சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வாடிக்கையாளர் நால்வருடைய பாராட்டுரை, பெயரும் ஊரும் போட்டால் அவன் அவர்களைத் தேடிப் பிடித்துவிடுவான் என்ற காரணத்தால், 'அன்பர் ஒருவர், ஓர் ஊர்' என்று நான்கு தடவை அச்சாகி நிற்கிறது.

முகப்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எண்கணித ஜோசியர் சொன்னதையும், அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் நள்ளிரவில் அனுப்பிய அபிப்பிராயங்களையும், 'மேட்டர் நாளைக்குத் தர்றேன்' என்ற வாக்குறுதி ஆடி கழிந்து தீபாவளியை நெருங்கியதையும் நான் விவரிக்கப் போவதில்லை. இவை எல்லா முதலாளிகளுக்கும் பொது.

இவ்வளவையும் நீக்கிய பிறகு இணையதளத்தில் மிஞ்சுவதுதான் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். எதிர்க்கடைக்காரர் கண்டு வயிறெரிய வேண்டிய சமாசாரங்கள் அனைத்தும் மிஞ்சுகின்றன. தாத்தாவின் படம் முகப்பை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருக்கிறது. கடை தொடங்கிய ஆண்டு, எதிர்க்கடைப் பலகையில் கண்டுள்ள ஆண்டுக்குச் சரியாக மூன்று ஆண்டு முந்தியதாக இருக்கிறது. ஆதாரம் கேட்ட பிள்ளையாண்டானுக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுக்கப்பட்டது. எதிர்க்கடையின் பெயரை இணையத்தில் யார் தேடினாலும் நம் கடை முதலில் வந்து நிற்கும்படி பணம் கட்டி விளம்பரம் செய்ய வழி உண்டு என்று கேள்விப்பட்ட கணத்தில் அவர் முகத்தில் தோன்றிய பிரகாசத்தைப் போல் ஒன்றை, ஐந்து முகமும் ஏற்றிய அவருடைய விளக்குகளிலேகூட நான் கண்டதில்லை.

1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் உலகின் முதல் இணையதளத்தை அமைத்தது, வெவ்வேறு தேசங்களில் இருக்கும் விஞ்ஞானிகள் தாங்கள் அறிந்ததை ஒருவருக்கொருவர் மறைக்காமல் பகிர்ந்துகொள்ளும் பொருட்டே. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்த நிறுவனம் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று உலகுக்கே தத்தம் செய்துவிட்டது. தாரை வார்த்த அந்தப் புண்ணியவான்களுக்குக் கும்பகோணத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பாத்திரக் கடைகள் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இத்தனை ரகசியமும் யாரிடமிருந்து என்பதைப் பார்த்தால்தான் வேடிக்கை. வாடிக்கையாளர் கேட்ட அளவில் விளக்கு இல்லையென்றால் முதலாளி, "இதோ குடோன்லேருந்து வருது" என்று சொல்லிப் பையனுக்குக் கண் ஜாடை காட்டுவார். பையன் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கடையிலிருந்து அந்த விளக்கை வாங்கி வருவான். எதிர்க்கடைக்காரருக்கும் இவருடைய கடைதான் குடோன். மாலையில் இருவரும் கணக்கை நேர்செய்துகொள்கிறார்கள். அதில் இதுவரை ஒரு பைசா தகராறு வந்ததில்லை. எதிர்க்கடைக்காரர் உடல்நலமின்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவருடைய கடையில் போய் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர் நம் முதலாளியே என்று பையன் என்னிடம் சொன்னான். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தக் கடையின் விலைச்சீட்டைப் பார்த்தாரா என்று நான் கேட்டேன். "சேச்சே, முதலாளி அப்படிச் செய்ய மாட்டார்" என்றான் பையன்.

ஆனால் ஒரு விஷயத்தை என்னால் சிரித்துக்கொண்டே கடந்துபோக இயலவில்லை. உலைக்கு முன்னால் வெந்து, அன்னத்தின் இறகை ஒவ்வொன்றாகச் செதுக்கும் பத்தர்களின் பெயர்களை, அவர்களுடைய பட்டறைப் படங்களோடு, ஒரு பக்கத்தில் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தத் திட்டத்தில் வாங்குகிறவருக்கு உண்மையாகப் பிரயோஜனப்படக்கூடிய பக்கம் அது ஒன்றே என்பது என் எண்ணம். முதலாளி அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பெயரைப் போட்டால் அவன் பத்தரைக் கொத்திக்கொண்டு போய்விடுவானாம். எதிர்க்கடைக்காரர் அதே பத்தரிடம்தான் சரக்கு எடுக்கிறார் என்பதும், அந்தப் பத்தருடைய தகப்பனாரிடம்தான் இருவருடைய தகப்பனார்களும் எடுத்தார்கள் என்பதும் தெரு முழுவதற்கும் தெரியும். சரக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவன் பெயரைச் சரக்கோடு சேர்த்துச் சொல்ல மனம் வராத வியாபாரம் என்ன வியாபாரம்?

கடைசியாகப் பார்த்தபோது முதலாளி வேறொரு சிந்தையில் ஆழ்ந்திருந்தார். இணையதளத்துக்கு வருகிறவர்கள் எந்த நாடு, எந்த ஊர் என்று கணக்குக் காட்டும் வசதி உண்டென்று பிள்ளையாண்டான் சொல்லியிருந்தான். கனடாவைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"கும்பகோணத்திலேருந்து பார்த்தா தெரியுமா?"

"உத்தேசமா ஊர் தெரியும் சார்."

"தெரு?"

"தெரு தெரியாது சார்."

நெடுநேரம் யோசித்துவிட்டு, முன்பணம் போக மீதித் தொகையை, அவன் பார்த்துவிட்டான் என்று ஊர்ஜிதமானதும் தருவதாகச் சொல்லி எங்களுக்கு விடைகொடுத்தார். நானும் பிள்ளையாண்டானும் விசாரித்த வரையில், எதிர்க்கடைக்காரர் வைத்திருப்பது இணைய வசதியே இல்லாத பழைய பொத்தான் செல்போன் என்று தெரியவருகிறது. தீபாவளிக்குள் அவருக்குப் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு நஷ்டம் எவ்வளவு என்று பிள்ளையாண்டான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.