குண்டைத் தடுக்குமா கவிதை?

கேள்வி: வானிலிருந்து விழும் குண்டைக் கவிதை தடுத்துவிடுமா? பிறகு எதற்காகப் போர்க்கவிதைகள்?
— ஒரு தொழிற்பேட்டை ஊழியர், ரஞ்சன்காவ், புனே

பதில்: தடுக்காது. குண்டு போட்டவர் அதை மறைத்துவிடுவதைத்தான் தடுக்கும்.

ஆபத்து என்றால் எங்கே ஓடுவீர்கள்? உங்கள் ஊர் மகாகணபதி கோயிலுக்குத்தானே? இலங்கை உள்நாட்டுப் போரின்போது யாழ்ப்பாணத்தில் ராணுவம் முன்னேறியபோது இடம்பெயர்ந்த மக்களும் அப்படித்தான் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 1995 ஜூலை 9 அன்று இலங்கை விமானப்படை அங்கே வீசிய குண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

செய்தி அந்த எண்ணிக்கையோடு முடிந்துவிடும். கவிதை வீட்டு முற்றம்வரை போகும். அங்கே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பதுங்குகுழி இருக்கும். விமான இரைச்சல் கேட்டதும் பாட்டியைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீரில் நிற்க வேண்டும். 1985இலேயே சேரன், அ. யேசுராசா உள்ளிட்டோர் ஈழக் கவிதைகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பின் பெயரே ‘மரணத்துள் வாழ்வோம்.’

கவிதை போருக்குச் சாட்சியாக நிற்பது நம் பழைய மரபும்கூட. அம்பு எய்வதற்கு முன்னால் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னான் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி. நெட்டிமையார் அதைப் புறநானூற்றில் பாடிவைத்தார். பாடிவைத்ததால்தான் போருக்கும் ஓர் அறம் உண்டு என்பதற்கு நம் கையில் சாட்சி இருக்கிறது. நவாலியையும் காஸாவையும் அந்த அறத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்கக் கவிஞர்கள் வேண்டும். நீங்களும் எழுதுங்கள்.