கிளியா, பாரையா? கலர் கண்ணாடி வகுப்பொன்று குறித்த கள ஆய்வு

1. தோற்றுவாய்

ஆய்வுக் கட்டுரை என்றால் முதலில் ஊர்ப்பெயருக்கு வேர் காண வேண்டும் என்பது எங்கள் மரபு. வெள்ளவத்தையில் எப்போதாவது வெள்ளம் நின்றதா, கொட்டாஞ்சேனையில் யாருடைய சேனை இறங்கியது என்று தொடங்கி, எட்டாம் பக்கத்தில் சோழரைச் சந்தித்து, பதினாறாம் பக்கத்தில் கண்ணாடிக்கு வந்துசேர்வதற்குள் படிப்பவருக்கே கண்ணாடி தேவைப்பட்டுவிடும். ஆகவே வேர் காணும் பொறுப்பை இந்த ஆய்வாளர் கைகழுவுகிறார். அதனால் இது ஆய்வே அல்ல என்று தள்ளுவார்களானால் தள்ளட்டும். தள்ளப்பட்ட கட்டுரைகளின் கூட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றின் கூட்டத்தைவிடச் சுவாரசியமானது.

ஆய்வுக் களம்: கொட்டாஞ்சேனையில், சாந்த லூசியா பேராலயத்துக்குக் கிட்டிய ஓர் ஒழுங்கையில், மாடி அறையொன்றில், நான்கு சனிக்கிழமைகள் நடந்த வகுப்பு. ஆய்வாளர்: வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றின் நான்காம் மாடியில் குடியிருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். இதற்குமுன் கையால் செய்த ஒரே பொருள் ஆறாம் வகுப்பில் பின்னிய பனையோலைப் பெட்டி. அதுவும் அம்மா பின்னியது.

2. பயணம்

155ஆம் இலக்க பஸ். நின்றபடி.

3. பெயர்ச் சிக்கல்

ஈயச் சட்டத்துக்குள் துண்டு துண்டாகப் பொருத்திய தேவாலய ஜன்னல் கண்ணாடியை ஆங்கிலத்தில் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்பார்கள். இதை நான் 'கறைக் கண்ணாடி' என்று தமிழாக்கி மூன்றாம் மாடி அன்ரியிடம் சொன்னபோது, "கறையெண்டா விம் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறதுதானே தம்பி, அதுக்கேன் கொட்டாஞ்சேனைக்குப் போறீர்?" என்றார் (அன்ரி, லிப்ட், முற்பகல்).

அறியாமலே அன்ரி ஒரு வரலாற்றுண்மையைத் தொட்டுவிட்டார். பெரும்பாலான நிறக் கண்ணாடியில் கறையே கிடையாது. உருக்கும்போதே உலோகச் சேர்வைகளைக் கலந்துவிடுவதால் நிறம் உள்ளுக்குள் ஊறிவிடுகிறது. கோபால்ட் நீலம் தரும். இரும்பு, போத்தல் பச்சை தரும். பொன் சிவப்புத் தரும், அந்தச் சிவப்பு விலையிலும் பொன்னை மறக்கவிடாது. மெய்யாகவே கறை ஏற்றியது மஞ்சள் ஒன்றைத்தான். வெள்ளிச் சேர்வையைப் பூசிச் சூளையில் சுட்டு மஞ்சளை வரவழைக்கும் வித்தை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தேவாலயங்களில் பரவியது. ஒரு நிறத்துக்கு வந்த பெயரை மற்ற நிறங்களெல்லாம் சுமக்கின்றன.

கலைச்சொல் குழு ஒன்று கூடினால் 'சாயக் கண்ணாடி', 'வண்ணக் கண்ணாடி', 'நிறமூட்டிய ஆடி' என்று மூன்று கட்சியாகப் பிரிந்து, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றுசேரும். மாஸ்டர் 'கலர் கண்ணாடி' என்கிறார். வகுப்பு அவருடையது, சொல்லும் அவருடையதே.

4. பதின்மூன்று

கொட்டாஞ்சேனை கொழும்பு 13. சாந்த லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியாரின் திருநாள் ஜூன் 13. மாஸ்டர் என்னிடம் தந்த கிளி வரைபடத்தில் துண்டுகள் 13. இதற்குமேல், லூசியா என்ற பெயர் ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அவர் கண்பார்வைக்குப் பாதுகாவலி. ஒளியும் கண்ணும் கண்ணாடியும் பதின்மூன்றும் ஒரே தபால் எல்லைக்குள் கூடுவது தற்செயல் என்று சொல்பவர் சொல்லட்டும். இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு காப்பியங்களுக்குக் காலம் கணித்தவர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம்.

(கிளி முடியும்போது 17 துண்டுகளாக இருந்தது என்பது இந்தக் கொள்கையைப் பாதிக்காது. மேலதிக நான்கும் இடைச்செருகல்.)

5. முன்னாய்வுகள்

5.1 மணிமேகலையில், உவவனத்தில், ஒரு பளிக்கறை வருகிறது. மணிமேகலை அதற்குள் புகுந்துகொள்கிறாள். பின்தொடர்ந்து வந்த சோழ இளவரசன் உதயகுமரன் உள்ளே தெரிவதை ஓவியமென்று முதலில் மயங்கி, பிறகு அவளேதான் என்று தெளிகிறான். இது கலர் கண்ணாடி அல்ல, பளிங்கு. ஜன்னல் அல்ல, அறை. ஆனாலும் 'எம்மவர் அன்றே கண்டனர்' என்று எழுத இவ்வளவு போதும். மன்னார் மாந்தையில் அகழ்ந்தபோது கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. மணி இருந்தால் ஜன்னலும் இருந்திருக்கும். ஜன்னல் கிடைக்கவில்லையா? கடல் கொண்டது. இந்த முறையியலுக்குத் தமிழில் நீண்ட பாரம்பரியம் உண்டு.

விளையாட்டை விட்டுச் சொன்னால், எங்கள் கோயில்களுக்கு இந்தக் கண்ணாடி தேவைப்படவில்லை. அதே கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே போகப் போக இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு விளக்கு. கண்ணாடி வைத்த தேவாலயத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒளியை வைத்துச் செய்த வேலைதான். இந்தப் பத்தியில் நகைச்சுவை இல்லாததால் இது கட்டுரையின் மதிப்பைக் குறைக்கக்கூடும்.

5.2 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலில், காய்ச்சிய இரும்பை வைத்துக் கண்ணாடியை வெடிக்கச் செய்து பிரிக்கும் முறை இருக்கிறது. கண்ணாடி முரண்டுபிடித்தால் விரலில் எச்சில் தொட்டு அந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார். மாஸ்டரும் வரைபடத் தாளைப் புரட்ட விரலில் எச்சில் தொடுகிறார். ஏறக்குறைய 900 ஆண்டுத் தொடர்ச்சி இது என்று வியந்து, தியோபிலஸைத் தெரியுமா என்று கேட்டேன். "யாரு, பம்பலப்பிட்டியில பிரேம் கட வச்சிருந்தவரா?" என்றார் (மாஸ்டர், இரண்டாம் சனிக்கிழமை, எச்சில் தொட்ட பின்).

5.3 பழைய தேவாலயக் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பது, கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிவதால்தான் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. மாஸ்டருக்கும் உண்டு. உண்மை வேறு. அந்தக் காலத்தில் தகடு சமமான தடிப்பில் வராது. பொருத்துகிறவர் தடித்த பக்கத்தைக் கீழே வைத்திருப்பார். 1998இல் பிரேசிலைச் சேர்ந்த எட்கர் சனோட்டோ, சாதாரண வெப்பநிலையில் ஜன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரிய வழிய அண்டத்தின் வயதையும் தாண்டிய காலம் வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மறு ஆண்டே அந்தக் கணக்குக்கு ஒரு திருத்தமும் வெளிவந்தது. திருத்திய கணக்கிலும் அண்டத்தின் வயது போதவில்லை. யாரும் காத்திருந்து சரிபார்க்க முடியாத ஒரு விடையையும் திருத்தி வெளியிடுகிற மனம் இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் புலமை. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "இருக்கட்டும்," என்றார்.

6. கீறலியல்

"தம்பி, கண்ணாடிய யாரும் வெட்டுறதில்ல. நாம கீறுறது மட்டும்தான். உடையுறது அதுட வேல."

வகுப்பில் நான் கேட்டவற்றுள் முழுமையான கோட்பாடு இது ஒன்றே. பென்சில் போன்ற ஒரு பிடி, அதன் நுனியில் கடுகளவான கெட்டி உலோகச் சக்கரம். அதை மண்ணெண்ணெயில் தோய்த்து, தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒருமுறைதான். அதே கோட்டில் மறுமுறை ஓட்டினால் சக்கரம் கெடும், உடைவும் தாறுமாறாகப் போகும். சரியாகக் கீறினால் சீலை கிழிகிற சத்தம் வரும். என் கீறல்களில் எழுந்தவை, காலவரிசைப்படி: சத்தமின்மை, கரும்பலகையில் நகம், சத்தமின்மை, மாஸ்டரின் பெருமூச்சு.

கீறியபின் கோட்டின் இரு பக்கமும் பெருவிரல்களை வைத்து, அப்பளத்தை இரண்டாக்குகிற பிடியில் வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். சிறு துண்டென்றால் குறடு. கண்ணாடி நேர்வழிப் பிரியர். கோடு வெளிப்பக்கமாக வளைந்தால் பொறுத்துக்கொள்ளும். உட்பக்கமாக ஆழ வளைந்தாலோ கோட்டை விட்டுவிட்டுத் தன்பாட்டில் நேரே ஓடிவிடும். அத்தகைய இடத்தில் பிறை பிறையாகக் கீறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும் என்று மாஸ்டர் இரண்டுமுறை சொன்னார். இரண்டுமுறையும் ஆய்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு விளிம்புகளை அரைத்து, செப்பு நாடா சுற்றி, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் சேர்ந்த பற்றாசால் துண்டுகளைப் பிணைக்க வேண்டும். பற்றாசு கண்ணாடியைத் தீண்டாது, செம்பில் மட்டுமே ஒட்டும் என்பதே நாடாவின் நியாயம். நியூயோர்க்கின் டிஃபனி விளக்குகளால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்பெற்ற முறை. ஈயம் நஞ்சு; ஆகவே கைகழுவாமல் யாருக்கும் பிளேன்ரீ கிடையாது. பிளேன்ரீ அறைக்கு வெளியே, படிக்கட்டில்.

7. காயங்கள்

இடது பெருவிரல். பிளாஸ்டர் இரண்டு (ஒன்று பயத்துக்கு).

8. கிளி–பாரைச் சிக்கல்

8.1 கிளிக்கு உட்பக்கமாக ஆழ்ந்த வளைவு இரண்டு இடத்தில் உண்டு. கொக்கிச் சொண்டுக்குக் கீழே ஒன்று, கழுத்தில் மற்றொன்று. இரண்டிலும் கீறல் ஒரு வழியும் உடைவு இன்னொரு வழியும் போயின. சொண்டு கொக்கியை இழந்து கூம்பாயிற்று. கழுத்து இல்லாமலே போயிற்று. நீண்ட வால் நடுவே பிளந்து இரு கவராயிற்று. சிவப்புக் கண்ணாடியின் விலை கேட்டபின், சொண்டுக்குத் தேன்நிறமே போதும் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தார். ஆயினும் அது கிளியே. வரைபடத்தின் தலையில் மாஸ்டர் தம் கைப்பட 'கிளி' என்று எழுதியிருக்கிறார். முதன்மை ஆதாரம் இதைவிட என்ன வேண்டும்?

8.2 இத்தகைய பொருளை வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிட வேண்டும். எங்கள் ஜன்னலில் வெயில் விழுவதில்லை. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் 'கறிவேப்பிலை கைமாறும் தூரம்' என்று வரையறுக்கலாம். எங்களுக்கு நேரெதிரே ஒரு சமையலறை. ஆகவே கிளிக்கு ஒளி, அங்கே டியூப் லைட் எரியும் வேளைகளில் மட்டும்: காலை 5.30 (இடியப்பம்), மாலை 6.30 (மீண்டும் இடியப்பம்).

8.3 சாட்சியங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த அன்றே கீழ்த்தளக் காவலாளி எட்டிப் பார்த்து 'மாலு' என்று சிங்களத்தில் மீனாக்கிவிட்டார் (வாசல், மாலை). அன்ரி, "பாரைதானே? வால் சொல்லுது," என்றார் (லிப்ட், மறுநாள், கையில் தேங்காய்). சந்தை மீன்கடைக்காரரிடம் கைபேசிப் படத்தைக் காட்டியபோது, வாலைப் பார்த்தால் பாரை, உடம்பின் அகலத்துக்கு விளைமீன் என்று தயங்கினார் (சந்தை, ஞாயிறு, செதில் கழற்றுவதை நிறுத்தாமல்). மீன் என்பதில் ஒருமித்த கருத்து. என்ன மீன் என்பதில்தான் ஆய்வுலகம் பிளவுண்டிருக்கிறது. வீட்டிலுள்ளவரின் கருத்து, பக்கச்சார்பு கருதிச் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது கட்சி ஒன்று கனடாவிலிருந்து எழுந்தது. "அது புறாவெல்லோ" (அன்ரியின் ஸ்காபரோத் தங்கை, வட்ஸ்அப் குரல் பதிவு, முக்கால்வாசி அங்குள்ள குளிர் பற்றியது, கேட்டது அன்ரியின் கைபேசியில், லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே கரண்ட் போய் நின்றிருந்தபோது, உடனிருந்தவர், ஒரு இறாத்தல் பாணை நெஞ்சோடு அணைத்தபடி, பெயர் சொல்ல விரும்பாத ஆறாம் மாடிக்காரர்). ஆனால் அந்த ஆறாம் மாடிக்காரர், தாம் கேட்டது 'சுறா' என்கிறார். இருட்டில் பதிவை மறுபடி போட்டோம். அன்ரி 'புறா' என்றே பாடம் கொள்கிறார். ஆறாம் மாடிக்காரர் அசையவில்லை. ஓரெழுத்தில் ஒரு பறவை கடலுக்குள் இறங்கிவிட்டது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியவர்கள் இத்தகைய இடங்களில் ஓர் அடிக்குறிப்பை இட்டுவிட்டு நகர்ந்தார்கள். பின்வந்தவர்கள் அந்த அடிக்குறிப்பில் முனைவர் பட்டம் வாங்கினார்கள்.

8.4 இனி ஆய்வாளரின் தற்காப்பு. பளிங்குக்குள் நின்ற உயிருள்ள பெண்ணையே இளவரசன் ஓவியமென்று மயங்கினான் எனில், கண்ணாடியில் நின்ற கிளியை மூன்றாம் மாடி மீனென்று மயங்குவது காப்பிய மரபுக்கு உட்பட்டதே. குற்றம் கீறியவனில் இல்லை.

8.5 கடைசிச் சனிக்கிழமை மாஸ்டர் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பற்றாசுக் கோடுகளின்மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். "ஒட்டு நல்லா வந்திருக்கு, தம்பி," என்றார். உருவத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

9. பயன்பாடு

சென்ற வாரம் அன்ரி கதவைத் தட்டினார். எதிர்வீட்டில் இடியப்ப வேளை. கிளியின் ஊடாக வந்த பச்சை எங்கள் ரைஸ் குக்கரில் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வடிவாத்தான் கிடக்கு. எங்கட சாப்பாட்டு அறைக்கும் ஒரு பாரை செய்து தாருமன். இதே மாதிரி வரவேணும்."

ஆய்வாளருக்கு மீன் வரையத் தெரியாது. பாரை செய்வதற்கு இதுவரை நிறுவப்பட்ட வழி ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே வருகிற சனிக்கிழமை, பச்சைத் தகட்டின் கீழே மறுபடியும் கிளியின் வரைபடத்தை விரித்து, கழுத்து வளைவை ஒரே மூச்சில் கீறுவதாக இருக்கிறேன்.