நூற்றைம்பது மில்லி தண்ணீர் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன், பாளையங்கோட்டை.

பெறுநர்: உயர்திரு நீர்வளத்துறை அவர்கள், தாமிரபரணி வடிநிலம், திருநெல்வேலி.

பொருள்: பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுக்கு ஆற்றுநீர் ஒதுக்கீடு கோருதல் – சார்பாக.

பார்வை: தங்கள் அணைகளின் தினசரி நீர்மட்ட விவரம்.

ஐயா,

என் தொழில் வளரவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் சிறுத்துக்கொண்டே வருகிறது. மேசைக்கடியில் நின்ற பழைய கேபினெட்டைக் கழித்துவிட்டு, பதினேழுக்குப் பதினேழு சென்டிமீட்டர் மதர்போர்டு உட்காரும் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். போர்டு, ப்ராசஸர், ரேம் எல்லாம் வாங்கியாயிற்று. ப்ராசஸரின் தலையில் எதை உட்கார வைப்பது என்ற இடத்தில்தான் தங்கள் துறை குறுக்கே வருகிறது. ஃபேன் வைத்த கூலரா, தண்ணீர் சுற்றும் லிக்விட் கூலரா?

கடைக்காரத் தம்பிக்கு இதில் குழப்பமே இல்லை. “லிக்விட் போட்டுருங்க அண்ணாச்சி. உள்ள லைட்டு எரியும், பாக்கவன் அசந்துருவான்” என்றார். என் கம்ப்யூட்டரை என்னையும் சுவர்ப் பல்லியையும் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தண்ணீர் என்றதும் தங்கள் நினைவு வந்துவிட்டது. இந்த ஆற்றில் கேட்காமல் தண்ணீர் எடுப்பது பெரிய மனிதர்களின் வழக்கம். என் போன்றவர்கள் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தேவைப்படும் அளவு ஏறக்குறைய நூற்றைம்பது மில்லி. ஒரு தடவை நிரப்பி மூடிவிட்டால் சில வருடங்களுக்கு அதே தண்ணீர்தான் சுற்றும். குழாயின் ரப்பர் வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போவது மட்டும் நஷ்டம். திருட்டு மோட்டார் கிடையாது, மடை உடைப்பு கிடையாது. ஆயக்கட்டுதாரர்களில் இவ்வளவு ஒழுங்கானவரைத் தாங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

எந்தக் கணக்கில் கேட்பது என்பதுதான் சிக்கல். குடிநீருக்கு முதலிடம், பாசனத்துக்கு அடுத்த இடம், தொழிலுக்கு அதற்கும் பிறகு என்பது ஏட்டில் உள்ள வரிசை. என் கம்ப்யூட்டர் தண்ணீர் குடிப்பதில்லை. பாசனக் கணக்கில் சேரலாம் என்றால், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் கீழுள்ள 86,107 ஏக்கரில் என் மேசை எந்தக் காலில் வரும் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுவது பாளையங்கால். அதில் இன்றைக்கு ஓடுவது எது என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

மிஞ்சுவது தொழில் கணக்கு. அதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டின் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று தண்ணீர் போவதாக ஊரே பேசியது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2016இல் இடைக்காலத் தடை வந்து, 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாகித் தடையும் நீங்கியது. குளிர்பானத்துக்குக் கிடைத்தது குளிர்விப்பானுக்குக் கிடைக்காதா? அதே விலையில் கணக்குப் போட்டேன். என் பங்குக்கு அரைப் பைசாவும் சில்லறையும் வருகிறது. அந்த அரைப் பைசாவை எந்தத் தலைப்பில், எந்தச் சலானில் கட்டுவது என்று தெரிவித்தால் உடனே செலுத்திவிடுகிறேன். சில்லறையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பருவம். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பது தங்கள் வழக்கம். எனக்குத் தேவைப்படுவதோ மே மாதத்தில். 4ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதி வரை அக்கினி நட்சத்திரம். அதோடு வைகாசி முகூர்த்தமும் வந்து சேரும். பட்டாசலில் ஆட்கள் படுத்திருப்பதால் என் வேலை மாடி அறையில். பகலெல்லாம் குடித்த வெயிலை மொட்டை மாடி ராத்திரி பத்து மணி வரை என் தலையில் இறக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தாலிகட்டை ரெண்டருக்குப் போடுகிறேன். அறை 38 டிகிரி. ப்ராசஸர் 90ஐத் தாண்டுகிறது, 93, 94. 95ஐத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இருபது நிமிஷம் என்று காட்டிய திரை இப்போது முப்பத்தைந்து என்கிறது. 143 அடி கொண்ட பாபநாசம் அணையில் நீர் இறங்கிக் கிடக்கும் மாதத்தில்தான் எனக்குத் தாகம் எடுக்கும். ஜூனில் தாங்கள் ஷட்டரைத் தூக்கும்போது குற்றாலத்தில் சாரல் விழுந்து காற்றும் மாறியிருக்கும். அப்போது ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தங்கள் பொறியாளர்களிடம் சொல்லியாக வேண்டும். தண்ணீர் சூட்டைத் தின்றுவிடுவதில்லை, சுமந்து போகிறது. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒரே கொள்ளளவில் காற்றைப் போல் மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சுமந்து போய் இறக்கி வைப்பது எங்கே? ரேடியேட்டரில். ரேடியேட்டரின் முதுகில் என்ன இருக்கிறது? ஃபேன். ஆக, லிக்விட் கூலரும் கடைசியில் என் மாடி அறைக் காற்றிடம்தான் கையேந்துகிறது. அந்தக் காற்றின் சூட்டுக்குக் கீழே இரண்டு கூலருமே ப்ராசஸரை இறக்க முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் 22 டிகிரி அறையில் வைத்துச் சோதித்து 72 என்று எழுதினால், நான் 37 டிகிரியில் 87 என்று படித்துக்கொள்ள வேண்டும்.

சின்னப் பெட்டியில் இன்னொரு கூத்து. ரேடியேட்டரைக் காற்று உள்ளே வரும் பக்கம் மாட்டினால், ப்ராசஸரின் சூடு கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது. வெளியே போகும் பக்கம் மாட்டினால், கிராபிக்ஸ் கார்டின் சூடு ரேடியேட்டருக்குள் வருகிறது. தலைமடைக்காரன் குளிர்ந்தால் கடைமடைக்காரன் காய்வான். முறைப்பாசனம் வைக்கலாம் என்றால் லஸ்கர் நிற்க இடமில்லை.

ஃபேனா லிக்விடா என்ற கேள்விக்கு நம் மாவட்டமே ஏற்கெனவே விடை எழுதி வைத்திருக்கிறது. கூடங்குளத்தில் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி அதில் 1,000 மெகாவாட்டை மின்சாரமாக்குகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கண்டென்சர் வழியாகக் கடலுக்குப் போகிறது. அந்த அளவுக்குத் தண்ணீர் வேண்டும், கடலே வேண்டும். 1980களின் கடைசியில் பருவமழையைக் கணிக்க டெல்லிக்கு வந்த கிரே எக்ஸ்-எம்பி சூப்பர் கம்ப்யூட்டருக்கும் ஃப்ரியான் என்ற குளிர்விப்புத் திரவம் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். என் ப்ராசஸர் 65 வாட் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. முழு மூச்சில் 88 வாட் இழுக்கும். நம் வீடுகளில் எரிந்த பழைய குண்டு பல்பின் சூடு அது. அதற்கு யாரும் பம்ப் வைக்கவில்லை.

தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மலிவான லிக்விட் கூலர்களில் ப்ராசஸர் மேல் உட்காரும் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். அரிப்புத் தடுப்பும் பாசிக்கொல்லியும் கலக்காத தண்ணீரை விட்டால் அலுமினியம் அரித்துப்போகும், குழாயில் பாசி படியும். தாமிரபரணித் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்பதை 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாசிக்கொல்லி அந்தப் பட்டியலில் இருந்ததாகத் தெரியவில்லை. நாளைக்கு என் பம்புக்குள் அமலைச் செடி முளைத்தால் தாங்கள்தான் டெண்டர் விட்டு அகற்ற வேண்டும். பம்பின் வாய்க்காலில் சோற்றுப் பருக்கைகூட நுழையாது. ஜேசிபி எப்படி இறங்கும்?

(திருநெல்வேலியிலிருந்து போகும் கடிதத்தில் இந்நேரம் அல்வா வந்திருக்க வேண்டும். அதை அரசுத் தரப்பு கொடுப்பதுதான் மரபு என்பதால் விட்டுவிட்டேன்.)

இத்தனையும் யோசித்துவிட்டு ஃபேன் கூலரையே வாங்கிவிட்டேன். லிக்விட் கூலருக்குக் கேட்ட விலையில் பாதிகூட ஆகவில்லை. ப்ராசஸர் தலைக்கும் பெட்டியின் பக்கவாட்டு வலைக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் குட்டைக் கூலர். ஃபேன் வலையோடு ஒட்டி நின்று வெளிக்காற்றை நேராக இழுக்கிறது. தூசி படிந்தால் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஃபேன் நின்றால் கண்ணுக்குத் தெரியும்; இன்னொன்று வாங்கி நாலு கிளிப்பில் மாட்டலாம். லிக்விட் கூலரின் பம்ப் போனால் கூலரே போயிற்று. மின்வெட்டு நேரத்தில் மட்டும் இரண்டும் ஒரே தரத்தில், துளிச் சத்தமில்லாமல் உழைக்கின்றன.

ஆனால் ஐயா, ஓர் உண்மையை மறைத்தால் குற்றமாகும். இந்த ஃபேன் கூலரிலும் தண்ணீர் இருக்கிறது. தகடுகளுக்குள் ஓடும் செம்புக் குழாய்கள் வெறும் கம்பிகள் அல்ல. உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில சொட்டுத் தண்ணீரை வைத்து அடைத்திருக்கிறார்கள். சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனையில் மறுபடி நீராகும், குழாயின் உட்சுவரில் படிந்த செம்புத் துகள்களின் இடுக்கு வழியே தொடங்கிய இடத்துக்கே திரும்பும். பம்ப் இல்லை, மதகு இல்லை, அரசாணை இல்லை. சூடு ஏறினால் ஓடுகிறது, தணிந்தால் நிற்கிறது. இந்தச் சொட்டுகளுக்கு ஆயக்கட்டு வரி உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இவை வெளியூர் ஆலையில் அடைத்த தண்ணீர் என்பதால் தங்கள் அணைக்கட்டுகளில் வரவு வைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே, முதலில் கோரிய நூற்றைம்பது மில்லியை இதன் மூலம் முழுமனதோடு ஒப்படைக்கிறேன். அதை ஸ்ரீவைகுண்டம் தென்காலில் திறந்துவிட்டு, கடைமடை வரை போய்ச் சேர்ந்ததா, வழியில் எந்த இடத்தில் எத்தனை மில்லி குறைந்தது என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால் போதும். பெரிய கணக்குகளுக்குப் பதில் வராத ஊரில் சின்னக் கணக்குக்காவது வரும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள, ஆயக்கட்டில் சேராத விண்ணப்பதாரர்.

இணைப்பு: கூலர் வாங்கிய ரசீது நகல், அரைப் பைசா (இல்லாததால் இணைக்கப்படவில்லை).

நகல்: தென்மேற்குப் பருவக்காற்று, முகாம்: ஆரல்வாய்மொழிக் கணவாய் – மே மாதமே பணியில் சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.